வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாத உடம்பு: பாதுகாப்பாக வாழ ஒரு முழு வழிகாட்டி

எனக்கு 32 வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உடம்பு வலிக்கென்று தெருமுனை மருந்துக் கடையில் ஒரு ‘செட்’ மாத்திரை வாங்கினேன். காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். மஞ்சளாக ஒன்று, வெள்ளையாக ஒன்று, கத்தரித்த அட்டைத் துண்டுக்குள் இன்னொன்று. விழுங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, இடது கண் இமை கனக்கத் தொடங்கியது. கண்ணாடி முன் போய் நிற்பதற்குள் மேலுதடும் தடித்துவிட்டது. அவசர சிகிச்சைப் பிரிவில் பணியில் இருந்த மருத்துவர் முதலில் கேட்டது, “என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?” சட்டைப் பையில் கிடந்த அட்டைத் துண்டை எடுத்து நீட்டினேன். அவர் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயரின் கடைசிச் சில எழுத்துகளும் விலையின் பாதியும் மட்டும்தான் அதில் மிஞ்சியிருந்தன.

எட்டு மாதம் கழித்துக் கடைவாய்ப் பல் பிடுங்கிய அன்று, பல் மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். பெயர் வேறு, நிறம் வேறு, கம்பெனி வேறு. அதனால் பயமில்லை என்று நினைத்தேன். இந்த முறை உடம்பு முழுவதும் தடிப்புகள், தொண்டையில் ஏதோ அடைத்தாற்போல் ஒரு இறுக்கம், குரலே மாறிவிட்டது. இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள் என்று அதற்குப் பிறகுதான் ஒரு தோல் நோய் நிபுணர் எனக்கு விளக்கினார்.

நான் மருத்துவர் இல்லை. இந்த உடம்போடு பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவரோடு பேசித்தான் நடக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: பெயர் தெரியாத மாத்திரை நம் வாய்க்குள் போகக் கூடாது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாக விளங்கும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை காக்ஸ் என்ற நொதியைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. இதை 1971-இல் கண்டுபிடித்துச் சொன்ன ஜான் வேனுக்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே மதகிலிருந்து பிரியும் இரண்டு வாய்க்கால்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகின்றன, மற்றதில் லூக்கோட்ரையீன்கள்; இரண்டும் உடம்பு தானே உண்டாக்கும் வேதிப்பொருள்கள். முதல் வாய்க்காலில் வரும் புரோஸ்டாகிளாண்டின் இ2 மறுபக்கத்தை அடக்கி வைக்கும் வேலையையும் செய்கிறது. மாத்திரை அந்த வாய்க்காலை அடைத்துவிட்டால் அடக்குவதற்கு ஆள் இல்லை, லூக்கோட்ரையீன்கள் பெருக்கெடுக்கின்றன. மூச்சுக்குழாய் சுருங்குகிறது, மூக்கு அடைக்கிறது, தோல் தடிக்கிறது. பெரும்பாலானவர்களின் உடம்பு இதைத் தாங்கிக்கொள்ளும். நம் உடம்பு தாங்குவதில்லை.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, காக்ஸ் நொதியில் காக்ஸ்-1, காக்ஸ்-2 என்று இரண்டு வகை உண்டு; வேதியியல் அமைப்பு எவ்வளவு வேறுபட்டாலும் காக்ஸ்-1 நொதியை வலுவாகத் தடுக்கும் எந்த மருந்தும் நமக்கு ஆபத்து. ஆகவே “அது ஒத்துக்கொள்ளவில்லையா, இதைப் போட்டுப் பாருங்கள்” என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டாவது, இந்த வகை ஒவ்வாமையை ரத்தப் பரிசோதனையிலோ தோலில் குத்திப் பார்க்கும் சோதனையிலோ கண்டுபிடிக்க முடியாது. ‘அலர்ஜி பேனல்’ என்று ஆயிரக்கணக்கில் செலவழித்து, “எதுவும் இல்லை” என்று வந்த காகிதத்தை நம்பி மறுபடியும் மாத்திரை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

முதல் படி: உங்களுடையது எந்த வகை?

எல்லாவற்றையும் ‘அலர்ஜி’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். வலி மாத்திரை போட்டால் நெஞ்செரிச்சலும் வயிற்று வலியும் வருவது பக்கவிளைவு. அதற்கும் எச்சரிக்கை தேவைதான், ஆனால் அது ஒவ்வாமை ஆகாது. அதை மருத்துவரிடம் ‘அலர்ஜி’ என்று சொன்னால், உண்மையிலேயே தேவைப்படும் நேரத்தில் நல்ல மருந்து ஒன்று கிடைக்காமல் போகலாம்.

ஒவ்வாமையிலேயே சில முகங்கள் உண்டு. ஆஸ்துமாவோடு சேர்ந்து வருவது ஒன்று. இதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது, ஏனென்றால் இது ஓசையில்லாமல் வளர்கிறது. பெரும்பாலும் 20 வயதுக்கு மேல், 30, 40 வயதுகளில் தொடங்குகிறது. முதலில் விடாத சளி. அப்புறம் மூக்கில் சதை வளர்கிறது. காபிப் பொடி டப்பாவைத் திறந்தாலும் மணம் தெரிவதில்லை, தாளிப்பு கருகியது பக்கத்தில் இருப்பவர் சொல்லித்தான் தெரிகிறது. அதன்பின் ஆஸ்துமா. பிறகு ஒருநாள் தலைவலிக்கு ஒரு ஆஸ்பிரின், அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான இளைப்பு. மூக்குச் சதை, ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒவ்வாமை மூன்றும் சேர்ந்து வருவதை 1922-லேயே பாரிஸில் விவரித்தவர் ஃபெர்னான் விடால். டைஃபாய்டுக்கு நாம் எடுக்கும் ‘விடால் டெஸ்ட்’ அவர் பெயரில் இருப்பதுதான். வயது வந்த ஆஸ்துமாக்காரர்களில் 100-க்கு ஏறத்தாழ 7 பேருக்கும், கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களில் 100-க்கு ஏறத்தாழ 15 பேருக்கும் இது இருக்கிறது. மூக்குச் சதைக்கு அறுவை செய்தும் திரும்பத் திரும்ப வளர்கிறது என்றால் மருத்துவரிடம் இந்தக் கேள்வியை நீங்களே எழுப்புங்கள். இவர்களில் பலருக்கு மது அருந்தினாலும் மூக்கடைப்பும் இளைப்பும் வரும்.

அடுத்தது தோல் வகை. ஏற்கெனவே நாள்பட்ட தடிப்பு நோய் உள்ளவர்களுக்கு வலி மாத்திரை அதைக் கிளறிவிடும். எனக்கு இருப்பதுபோல், மற்ற நாட்களில் எந்தத் தொல்லையும் இல்லாமல் மாத்திரை போட்டால் மட்டும் தடிப்பும் வீக்கமும் வருவதும் உண்டு.

வேறொரு வகையினருக்கு ஒரே ஒரு மருந்தும் அதன் நெருங்கிய உறவும் மட்டும்தான் ஒத்துக்கொள்ளாது. டைக்ளோஃபெனாக் ஊசி போட்டவுடன் மயங்கி விழுந்தவர், ஆஸ்பிரினை எந்தச் சிக்கலும் இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டைக்ளோஃபெனாக்கும் அசெக்ளோஃபெனாக்கும் அண்ணன் தம்பி போன்றவை. ஒன்று ஆகாதவர் மற்றதைத் தொடக் கூடாது.

கடைசியாக, தாமதமாக வருபவை. மாத்திரை போட்ட ஒவ்வொரு முறையும் உடம்பில் அதே இடத்தில் கருஞ்சிவப்பு வட்டம் தோன்றி, பிறகு கறுப்புத் தழும்பாக நின்றுவிடுவது ஒரு வகை. பலர் இதைப் பூச்சிக்கடி என்று விட்டுவிடுகிறார்கள். சில நாட்கள் அல்லது வாரங்கள் கழித்துக் காய்ச்சலோடு உடம்பெல்லாம் சிவந்து, வாயும் கண்ணும் புண்ணாகி, தோல் உரிந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அந்த மருந்தை வாழ்நாளில் மறுபடி தொடக் கூடாது. மாதவிடாய் வலிக்குப் பரவலாகப் போடும் மெஃபனமிக் அமிலம் பற்றி, தாமதமாக வந்து உள்ளுறுப்புகளையும் தாக்கும் இப்படியொரு ஒவ்வாமைக்காக 2023 நவம்பரில் இந்திய மருந்தகக் குறிப்பு ஆணையம் எச்சரிக்கை வெளியிட்டது.

இரண்டாம் படி: நடந்ததை எழுதி வைத்து, உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்

வீக்கம் வடியும் முன்பே புகைப்படம் எடுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் உடம்பு சாதாரணமாகத்தான் இருக்கும். படம் இல்லாவிட்டால் வெறும் கதையாகிவிடும். மருந்தின் பெயர், எத்தனை மி.கி., எத்தனை மணிக்கு விழுங்கினீர்கள், எத்தனை மணிக்கு முதல் அறிகுறி வந்தது, அன்று காய்ச்சல் இருந்ததா, ஓடியாடி உழைத்தீர்களா, என்ன சாப்பிட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டையும் தேவையில்லாதவை என்று தள்ளிவிடாதீர்கள். தனியாகச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாத உணவு, வலி மாத்திரையோடும் உடற்பயிற்சியோடும் சேரும்போது ஆளைச் சாய்த்துவிடுவது உண்டு. இதற்கு முன்பு எந்த மாத்திரைகளைத் தொல்லையில்லாமல் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்ற பட்டியலும் அதே அளவு முக்கியம்.

உறுதிப்படுத்தும் வழி, மருத்துவமனையில் கண்காணிப்பின் கீழ் மிகச் சிறிய அளவில் தொடங்கிக் கொடுத்துப் பார்ப்பது. வீட்டில் “கால் மாத்திரை போட்டுப் பார்ப்போம்” என்று யாரும் சோதித்துப் பார்க்கக் கூடாது. எல்லாருக்கும் இந்தச் சோதனை தேவைப்படாது. இரண்டு வெவ்வேறு மருந்துகளுக்கு ஒரே மாதிரி எதிர்வினை வந்திருந்தால், கேட்ட அளவிலேயே மருத்துவர் முடிவுக்கு வந்துவிடுவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவும் நுரையீரல் பிரிவும் தொடங்குவதற்கு நல்ல இடங்கள். நடந்ததை 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நீங்களே தெரிவிக்கவும் முடியும்.

மூன்றாம் படி: பெயர்களைப் பாடம் செய்யுங்கள்

அட்டையில் இருப்பவை இரண்டு பெயர்கள். கம்பெனி வைத்த பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் மற்றொன்று. நமக்கு வேண்டியது இரண்டாவது. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம், நாப்ராக்சென், கெட்டோரோலாக், இண்டோமெத்தசின், பைராக்சிகாம்: இந்த ஒன்பதையும் வாய்ப்பாடுபோல் மனத்தில் ஏற்றிக்கொண்டால், நம் ஊர்க் கடைகளில் புழங்கும் ஆபத்தில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

இப்போது கம்பெனிப் பெயர்களுக்கு வருவோம். டிஸ்பிரினிலும் ஈகோஸ்பிரினிலும் இருப்பது ஆஸ்பிரின். புரூஃபென் என்றால் ஐபுபுரோஃபென். காம்பிஃப்ளாமில் ஐபுபுரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கின்றன. வோவிரான் டைக்ளோஃபெனாக். செரோடால்-பி அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும். மெஃப்டால் ஸ்பாஸில் மெஃபனமிக் அமிலம். கெட்டோரால் டிடி கெட்டோரோலாக். தலைவலிக்குப் பெட்டிக்கடையில்கூடக் கிடைத்த சாரிடானில் பாராசிட்டமால், காஃபீனோடு புரோபிஃபினசோன் என்ற வலி நிவாரணியும் இருக்கிறது. அதற்கே ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு.

இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். அட்டையின் பின்புறம் ‘பாராசிட்டமால்’ என்ற சொல் கண்ணில் பட்டதும் மனம் நிம்மதியாகிவிடுகிறது. அதற்கு மேல் வரியில் அசெக்ளோஃபெனாக் 100 மி.கி. என்று இருப்பதைக் கண் வாசிப்பதில்லை. பெயருக்குப் பின்னால் ‘பி’, ‘எம்’, ‘பிளஸ்’, ‘எஸ்பி’ என்று ஒட்டு இருந்தால், உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு முழுப் பட்டியலையும் வாசியுங்கள்.

கடையில் ‘செட்’ வாங்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள். மருந்துக் கடைக்காரர் அட்டையைக் கத்தரிக்கும்போது, “அண்ணா, பெயர் இருக்கிற பக்கத்தை எனக்குக் கொடுங்கள்” என்று கேளுங்கள். அல்லது கத்தரிப்பதற்கு முன் முழு அட்டையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து விநாடி வேலை. நான் கேட்டு இதுவரை ஒருவர்கூட மறுத்ததில்லை.

நான்காம் படி: வலி வந்தால் எதைப் போடுவது?

பெரும்பாலானவர்களுக்குப் பாராசிட்டமால் ஒத்துக்கொள்ளும். அது காக்ஸ்-1 நொதியை மிக லேசாகத்தான் தொடுகிறது. பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மி.கி., தேவைப்பட்டால் 6 மணி நேர இடைவெளியில். ஒரே நேரத்தில் 1000 மி.கி. எடுத்தால், ஆஸ்துமா வகை ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு இளைப்பு வரலாம். ஆகவே ஒரு வேளைக்கு 650-ஐத் தாண்டாதீர்கள். ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது ஆரோக்கியமான பெரியவருக்கான உச்சவரம்பு. கல்லீரல் பாதிப்பு உள்ளவருக்கும் மது அருந்துபவருக்கும் அது இன்னும் குறைவு. டோலோ 650, கால்பால், இலங்கையில் பெனடோல் எல்லாமே பாராசிட்டமால்தான். சளி மாத்திரைகளுக்குள்ளும் அது இருக்கும் என்பதால் தெரியாமலே இரட்டை அளவு போய்விடலாம். முன்பு பாராசிட்டமாலுக்கே எதிர்வினை வந்தவர் இந்தப் பத்தியைப் பின்பற்ற வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

காய்ச்சலுக்கு இன்னொரு காரணத்தாலும் பாராசிட்டமாலே நல்லது. டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் ரத்தக் கசிவை மோசமாக்கும் என்பதால், ஒவ்வாமை இல்லாதவர்களும் அவற்றைத் தொடக் கூடாது.

மூட்டு வலி போன்றவற்றுக்குப் பாராசிட்டமால் போதாது என்றால், காக்ஸ்-2 நொதியை மட்டும் குறிவைக்கும் செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் ஆகியவை நம்மில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கின்றன. பெரும்பாலோருக்கு, எல்லாருக்கும் இல்லை. முதல் மாத்திரையை மருத்துவமனையில் போட்டு, அவர்கள் சொல்லும் நேரம்வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள். எனக்கு அப்படித்தான் எட்டோரிகாக்சிப் பாதுகாப்பானது என்று தெரிய வந்தது; காத்திருப்பு நாற்காலியில் போன அந்த அரை நாள் எனக்கு மிகவும் பயன்பட்ட அரை நாள். இதய நோய், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இந்த மருந்துகளிலும் ஆபத்து உண்டு. மெலாக்சிகாமும் நைமசுலைடும் குறைந்த அளவில் காக்ஸ்-2 பக்கம் சாய்பவை, அளவு கூடினால் அந்தச் சாய்வு போய்விடும். நைமசுலைடு கல்லீரலைப் பாதிக்கக் கூடியது என்பதால் அதை என் வீட்டில் வைத்துக்கொள்வதே இல்லை.

மாதவிடாய் வலியால் துடிக்கும் பெண்களுக்கு நம் ஊரில் கையில் கிடைப்பதெல்லாம் மெஃபனமிக் அமிலம் கலந்தவைதான். ஒவ்வாமை இருப்பவர்கள் அடிவயிற்றில் வெந்நீர்ப் பை, பாராசிட்டமால், தசைப்பிடிப்பைத் தளர்த்தும் ட்ரோட்டாவெரின் தனியாக என்று தொடங்கலாம். ‘தனியாக’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். மெஃபனமிக் அமிலம் கலந்த ட்ரோட்டாவெரினும் கடையில் அதே அடுக்கில் இருக்கிறது. மாதாமாதம் வலி தாங்க முடியவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். மகப்பேறு மருத்துவரிடம் வேறு வழிகள் இருக்கின்றன.

ஐந்தாம் படி: ஆபத்து ஒளிந்திருக்கும் இடங்கள்

மாத்திரையாக வந்தால் அடையாளம் தெரிந்துவிடுகிறது. வேறு உருவத்தில் வரும்போதுதான் ஏமாறுகிறோம்.

சிறிய கிளினிக்குகளில் காய்ச்சலோடு போனால் இடுப்பில் ஓர் ஊசி. பல நேரம் அது டைக்ளோஃபெனாக். “ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகும்” என்று நாமே கேட்டு வாங்குவதும் உண்டு. சிரிஞ்சில் மருந்து ஏறுவதற்கு முன், “சிஸ்டர், இது என்ன மருந்து? எனக்கு டைக்ளோஃபெனாக் ஆகாது” என்று சொல்லிவிடுங்கள். கூட்டம் இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். ஊசியாகப் போனதைத் திரும்ப எடுக்க முடியாது.

பல் மருத்துவரிடம் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே சொல்லுங்கள். வாய் மரத்த பிறகு பேச முடியாது. அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அறுவை முடிந்தபின் வலிக்குப் போடும் பட்டியலை எழுதுபவர் பெரும்பாலும் அவர்தான்.

கண்புரை அறுவைக்குப் பின் தரும் சொட்டு மருந்து யாருக்கும் தோன்றாத ஒன்று. கெட்டோரோலாக், நெபாஃபெனாக், ஃப்ளூர்பிபுரோஃபென் எல்லாம் நம் வாய்ப்பாட்டுக் குடும்பமே. கண்ணில் விட்ட சொட்டு மூக்கு வழியாக உள்ளே இறங்கி, ஆஸ்துமா உள்ளவருக்கு இளைப்பைக் கொண்டுவரக் கூடும். அப்பா, அம்மாவின் கண் அறுவைக்கு அழைத்துப் போகும்போது இதை நினைவில் வையுங்கள்.

நெஞ்சு வலி வந்தால் முதலில் கொடுக்கப்படுவது ஆஸ்பிரின். தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் முதல் தவணையாகத் தரப்படுகின்றன. உயிர் காக்கும் ஏற்பாடு அது. நமக்கு மட்டும் ஆஸ்பிரின் பற்றி ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், சொல்ல முடியாத நிலையில் நாம் இருந்தால் கூட இருப்பவர் சொல்ல வேண்டும். அதற்காகச் சிகிச்சையையே மறுத்துவிடாதீர்கள். எதைக் கொடுப்பது என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். ஏற்கெனவே இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடவும் கூடாது.

பூசும் மருந்துகளில் டைக்ளோஃபெனாக் ஜெல், ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். வோலினியில் டைக்ளோஃபெனாக்கோடு மெத்தில் சாலிசிலேட்டும் இருக்கிறது. இந்த மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்கு உறவு. பல வலித் தைலங்களுக்கு அந்த மணத்தைத் தருவது அதுதான். ஊட்டிக்குப் போனால் யூகலிப்டஸ் தைலத்தோடு விண்டர்கிரீன் தைலமும் வாங்கி வருகிறோமே, அது ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட். பூசினால் எதிர்வினை வருவது அரிது, ஆனாலும் கடுமையான ஆஸ்துமா உள்ளவர்கள் ஒதுங்கியிருப்பது நல்லது. மூட்டு வலிக்கு ‘மூலிகைப் பொடி’ என்று லேபிள் இல்லாமல் விற்பதையும் நம்ப வேண்டாம்; அத்தகையவற்றில் டைக்ளோஃபெனாக்கும் ஸ்டீராய்டும் கலந்திருந்தது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

உணவில் பத்தியம் இருக்கிறதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். தக்காளி, பழங்கள், மசாலாப் பொருள்களில் இயற்கையாக இருக்கும் சாலிசிலேட்டுகளுக்காக எதையும் ஒதுக்கத் தேவையில்லை. கத்திரிக்காயையும் கருவாட்டையும் பழி சொல்லாமல் வழக்கம்போல் சாப்பிடுங்கள்.

ஆறாம் படி: தவறிப் போய்விட்டால்

தோலில் தடிப்பும் அரிப்பும் மட்டும் என்றால், மருத்துவர் முன்பே சொல்லிவைத்த சிட்ரிசின் போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தனியாக இருக்காமல் கவனித்துக்கொண்டிருக்கலாம். மூச்சு இளைப்பு, குரல் மாற்றம், நாக்கோ தொண்டையோ வீங்குவது, தலைசுற்றல், வாந்தியோடு சோர்ந்து சாய்வது, இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

வண்டி வரும்வரை படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். இளைப்பு அதிகம் என்றால் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். திடீரென்று எழுவதால் ரத்த அழுத்தம் இன்னும் விழுந்து உயிர் போனவர்கள் உண்டு. ஆஸ்துமா இன்ஹேலர் இருந்தால் கொடுக்கலாம், ஆனால் அது மட்டும் போதாது.

இந்த நிலையில் முதல் மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்கு 0.5 மி.கி., அதாவது 1 மி.லி.-யில் 1 மி.கி. உள்ள மருந்தில் அரை மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். முன்னேற்றம் இல்லாவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடியும் போடுவார்கள். ஒவ்வாமைக்குப் போடும் அவில் ஊசியும் ஸ்டீராய்டும் துணைக்கு வருபவை. அவை அட்ரினலினின் இடத்தை நிரப்பாது. தானே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் பேனா இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. கடுமையான எதிர்வினை ஒருமுறை வந்தவர்கள், ஆம்பூலும் (கண்ணாடி மருந்துக் குப்பி) சிரிஞ்சும் வீட்டில் வைத்திருக்கலாமா, யார் போடப் பழகுவது என்று மருத்துவரிடம் கேட்டு முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். சரியான பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி கிளம்பக் கூடும் என்பதால், “இப்போது பரவாயில்லை” என்று அவசரப்பட்டு வீடு திரும்பாதீர்கள்.

என் பர்ஸில் ஒரு சிறு அட்டை இருக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்: “ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், மெஃபனமிக் அமிலம், கெட்டோரோலாக் ஆகியவையும் இவற்றின் குடும்பத்து மருந்துகளும் எனக்கு ஒத்துக்கொள்ளாது: முகம் வீங்கும், தொண்டை அடைக்கும். பாராசிட்டமால் 650, எட்டோரிகாக்சிப் 60 ஒத்துக்கொள்ளும்.” ஒத்துக்கொள்ளும் மருந்தையும் எழுதுவது முக்கியம். நள்ளிரவில் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு எதைத் தவிர்ப்பது என்பதோடு எதைக் கொடுப்பது என்பதும் தெரிய வேண்டும். கைபேசியைத் திறக்காமலே பார்க்கக் கூடிய அவசரத் தகவல் பகுதியிலும் இதைப் பதிந்து வையுங்கள்.

ஆஸ்பிரின் கட்டாயம் தேவை என்றால்

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும், மூக்குச் சதை திரும்பத் திரும்ப வளரும் ஆஸ்துமாக்காரர்களுக்கும், உடம்பை ஆஸ்பிரினுக்குப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. மருத்துவமனையில் வைத்து மிகச் சிறிய அளவில் தொடங்கி, ஓரிரு நாட்களில் படிப்படியாக ஏற்றுகிறார்கள். பழகிய பிறகு தினமும் விடாமல் எடுக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் விட்டாலே அந்தப் பழக்கம் கலைந்துவிடும்; அதன் பிறகு தானாக மறுபடி தொடங்குவது ஆபத்து. ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிடும் சுபாவம் உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

எங்கள் வீட்டு மாத்திரைகள் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. அம்மாவின் சர்க்கரை மாத்திரை, அப்பாவின் முழங்கால் மாத்திரை, யாருக்கோ மிஞ்சிய ஆன்டிபயாட்டிக், ரப்பர் பேண்ட் போட்ட பாதி அட்டைகள். ஒரு விடுமுறை நாளில் தரையில் கொட்டி, பெயர் தெரியாத துண்டுகளை எல்லாம் தனியே எடுத்து அப்புறப்படுத்தினோம். அப்பாவின் வலி மாத்திரைக்குத் தனி டப்பா, மூடியில் சிவப்பு மையில் என் பெயரும் ஒரு பெருக்கல் குறியும். வாய்ப்பாட்டு ஒன்பது பெயர்களையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

உறவினர் வீடுகளில்தான் கூடுதல் கவனம் தேவை, ஏனென்றால் அங்கே மாத்திரை அன்போடு வருகிறது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பயணக் களைப்பில் எனக்குத் தலை வலித்தது. சித்தி உள்ளே போய் ஒரு மாத்திரை எடுத்து வந்தார், பழைய வழக்கப்படி உள்ளங்கையில் இல்லை, அட்டையோடு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முற்றத்து வெளிச்சத்துக்கு வந்து, பின்பக்கத்துப் பொடி எழுத்துகளை எழுத்துக் கூட்டி வாசித்தார். அசெக்ளோஃபெனாக் என்று இருந்தது. எடுத்த இடத்திலேயே அதை வைத்துவிட்டு, சுக்குக் கஷாயம் போட அடுப்படிக்குப் போனார்.